படுத்துக்கொண்டு பாடம் நடத்தியவர்

ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது அவர் படுத்த படுக்கையாகிவிடுவார். காலை பத்தரைக்கு வாதம். பன்னிரண்டுக்கு இடுப்பெலும்பு முறிவு. சாப்பாட்டுக்குப் பிறகு புத்தி பேதலிப்பு. நான்கு மணி ஆனதும் எழுந்து, சேலையை உதறிச் சொருகிக்கொண்டு, கைப்பையோடு பேருந்து நிறுத்தத்துக்கு விறுவிறுவென்று நடப்பார். இத்தனை வியாதியையும் சுமந்த அந்த உடம்புக்கு, நான் பார்த்தவரை ஒரு தும்மல்கூட வந்ததில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு செல்போன் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது எங்கள் பயிற்சி மையம். படித்து வேலையில்லாத பெண்களையும் படிக்காமல் வேலையில்லாத பெண்களையும் நான்கே மாதத்தில் நோயாளிப் பராமரிப்பு உதவியாளர்களாக்கி வீடுகளுக்கு அனுப்புவது அதன் வேலை. அவர் அங்கே தலைமைப் பயிற்றுநர். எல்லோருக்கும் 'டீச்சர்'. அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் "என்னையக் கேட்டியாட்டி?" என்பார். முன்கூட்டியே கேட்டிருந்தால் "எதுக்கு?" என்பார்.

மையத்தில் பொம்மை நோயாளி ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆளுயரம், ரப்பர் தோல், கழற்றி மாட்டும்படியான கைகால்கள். வந்த அன்று சுற்றியிருந்த பாலிதீன் உறையோடு அது மூலையில் நின்றது. ஆய்வுக்கு வருகிறவர்களுக்குப் புத்தம் புதிதாகக் காட்ட வேண்டும் என்பது எங்கள் ஒருங்கிணைப்பாளரின் கொள்கை. மாவட்டத்திலேயே அதைவிட நன்றாகப் பராமரிக்கப்பட்ட நோயாளி இருந்திருக்க முடியாது. ஓர் ஈகூட அதன்மேல் உட்கார்ந்ததில்லை. பொம்மையைத் தொடக் கூடாது என்றானபின், டீச்சரே பொம்மையானார்.

ஆனால் பொம்மை மாதிரி அடங்கிக் கிடப்பவர் இல்லை. போர்வையை உதைப்பார். மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டு முழுங்கிவிட்டதாகச் சாதிப்பார். படுக்கைச் சட்டியோடு வருகிறவளிடம், "ஒங் கையி ஐஸு கணக்கா இருக்கு, அங்கன போயி சூடு பண்ணிட்டு வா" என்பார். பயிற்சிக்கு வந்த பெண்கள் முதல் வாரம் சிரிப்பார்கள். இரண்டாம் வாரம் அழுவார்கள். மூன்றாம் வாரம்தான் வேலை பார்ப்பார்கள்.

ஒருநாள் முக்கூடலிலிருந்து வரும் பேச்சி அவருக்கு முதுகு துடைத்துக்கொண்டிருந்தாள். டீச்சர் கண்ணை மூடியபடியே, நோயாளியின் குரலில் கேட்டார்.

"நீ எந்த ஊரு?"

"முக்கூடல், ஆச்சி."

"யாரு மவ?"

பேச்சி அப்பா பெயரைச் சொன்னாள்.

"அது சரி. நீங்க எந்த ஆளுக?"

வேலைக்குப் போகிற எல்லா வீட்டிலும் வரப்போகிற கேள்விதான் அது. நான் எழுதிய பாடத்திட்டத்தில்தான் அது இல்லை. பேச்சியின் கை அப்படியே நின்றது. பிறகு துணியைப் பிழிந்துகொண்டே, "இப்போதைக்கு ஒங்க ஆளு. பைய அந்தப் பக்கம் திரும்புங்க, ஈரம் இருக்கு" என்றாள்.

டீச்சர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "எழுதுங்கட்டி எல்லாரும், இவ சொன்னத" என்றார். நானும் எழுதினேன். மதிப்பீட்டுத் தாளில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று வெகுநேரம் யோசித்து, 'தொடர்புத் திறன்' என்று போட்டேன்.

எழுதுவதற்காகத்தான் என்னை வேலைக்கு வைத்திருந்தார்கள். நான் தாவரவியலில் முதுகலை. செடிகொடிகளை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டியதில்லை என்பதால், இந்தத் தொழிலுக்கும் எனக்கும் இருந்த தூரம் உங்களுக்கே விளங்கும். ஆனால் பயிற்றுநர்களுக்கான பன்னிரண்டு நாள் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியிருந்தேன். அதனால் உதவிப் பயிற்றுநர். வீட்டில் மாமியாரிடம் பத்து மாதக் குழந்தையை விட்டுவிட்டு வருவேன். வகுப்புக்கு வகுப்பு போன் செய்வேன்.

"பிள்ளைக்கு என்ன இப்ப?" என்பார் டீச்சர், கட்டிலில் படுத்தபடியே.

"தூங்குதானாம், டீச்சர்."

"தூங்குத பிள்ளைக்கு எதுக்கு போனு? எந்திச்சிட்டானான்னு கேக்கவா?"

உண்மையில் அதைக் கேட்கத்தான். எழுந்திருந்தால் ஏன் எழுந்தான் என்றும், எழாவிட்டால் ஏன் எழவில்லை என்றும் கேட்பேன்.

பன்னிரண்டு நாள் வகுப்பில் நான் கற்றுக்கொண்டது ஒரு வட்டம். பயிற்றுநர் முதலில் பயிலுபவரின் தேவையை அறிய வேண்டும். பிறகு திட்டமிட வேண்டும், கற்பிக்க வேண்டும், மதிப்பிட வேண்டும், கடைசியில் எல்லாவற்றையும் மீளாய்வு செய்ய வேண்டும். மீளாய்விலிருந்து அம்புக்குறி மறுபடி தேவைக்கே போகும். சேர்ந்த வாரமே இதைப் பெரிய அட்டையில் ஐந்து வண்ணத்தில் வரைந்து சுவரில் மாட்டினேன். ஒருங்கிணைப்பாளர் அதன் அருகில் நின்று படம் எடுத்துக்கொண்டார். டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நல்லா இருக்கு பிள்ள. கோலப்போட்டிக்கு வச்சா பிரைஸு உண்டு."

அந்த வட்டத்தை அவர் செய்யாமலில்லை. தன் வழியில் செய்தார். தேவை அறிய நான் இரண்டு பக்கப் படிவம் தயாரித்திருந்தேன். 'இப்பயிற்சியின் மூலம் தாங்கள் அடைய விரும்புவது யாது?' என்று தொடங்கும். டீச்சர் அதை விசிறியாக வைத்துக்கொண்டு, முதல் நாளே எல்லோரையும் வரிசையாகக் கேட்டார். "ஆம்பளைக்கு மூத்திரம் எடுப்பியா? வீட்டுக்காரன் கேட்டா என்ன சொல்லுவ? ஒன்னைய அடிச்சா என்ன செய்வ?" மறுநாள் இருவர் வரவில்லை. பதினெட்டு பேர் பதினாறானதில் ஒருங்கிணைப்பாளருக்கு வயிறு எரிந்தது. "தேவை அறிஞ்சாச்சு தம்பி. அவிய ரெண்டு பேருக்கும் இது தேவையில்ல" என்றார் டீச்சர்.

காகிதம் என்றால் அவருக்கு விசிறி, அல்லது சம்சா வைக்கிற தாள். பாடத்திட்டம் எழுதிக் கொண்டுபோனால் படிக்க மாட்டார். "நீ எழுதுனா தப்பா இருக்குமாட்டி? எங்க போடணும், இங்கனயா?" என்று கேட்டுக் கையெழுத்தைப் போட்டுவிடுவார். எனக்கு அதில் பெருமையும் உண்டு, பயமும் உண்டு. வீட்டுக்குப் போகிற பேருந்தில் இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டு போவேன். என் எழுத்தை யாராவது ஒருவர் படித்துவிட்டால் தேவலை என்று இருக்கும். படித்துவிட்டால் என்ன ஆகும் என்றும் இருக்கும்.

மூன்றாம் மாதம், நாங்குநேரியில் ஒரு கல்யாணத்துக்காக அவர் ஒரே ஒரு நாள் விடுப்பு எடுத்தார். அன்றைய பாடம், படுக்கையில் இருப்பவருக்கு உணவு ஊட்டுவது. "நீயே எடுத்திரு. சோறு ஊட்டத் தெரியாத பொம்பள உண்டா?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மிகச் சிறப்பாக எடுத்தேன். நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யாரும் இனி சொல்லப்போவதில்லை. சத்துகளின் அட்டவணை வண்ணத்தில். கை கழுவும் முறை செய்கையோடு. கழுத்தில் துண்டு கட்டுவது, புறங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்ப்பது, கரண்டியில் பாதி அளவு மட்டும் எடுப்பது, இனிமையாகப் பேசுவது. பிறகு ஜோடி ஜோடியாகப் பழகச் சொன்னேன். ஒருத்தி காலை நீட்டி உட்கார்ந்தாள். மற்றவள் மல்லாக்க அவள் மடியில் தலையை வைத்துப் படுத்தாள். உட்கார்ந்தவள் கன்னத்தை லேசாக அமுக்கிக் கஞ்சியைக் கடைவாயில் சரித்தாள். பதினாறு பேரும் அப்படித்தான். அவர்களில் முக்கால்வாசிப் பேர் பிள்ளை பெற்றவர்கள், மீதிப் பேர் அக்காள் பிள்ளையை வளர்த்தவர்கள். சங்கும் பாலாடையும் பழகிய கைகள் வேறு எப்படிப் போகும்? எனக்கும் அதில் ஒரு தவறும் தெரியவில்லை. அன்று காலையில் என் மகனுக்குக் கேழ்வரகுக் கூழ் போனதும் அதே வழியில்தான்.

பாடத்தை நானே திட்டமிட்டு, நானே எடுத்து, தேர்வுக்கான பட்டியலையும் நானே தயாரித்தேன். பன்னிரண்டு வரிகள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே சரிக்குறி போட ஒரு கட்டம், கற்பித்தவர் பெயர் எழுத ஒரு கட்டம். டீச்சர் கையெழுத்துப் போட்டார். வட்டம் எங்குமே விட்டுப்போகாமல் முழுசாக இருந்தது.

தேர்வு ஒரு வெள்ளிக்கிழமை. முதலில் வந்தவள் சகாயம். கடற்கரைப் பக்கத்துப் பெண், புருஷன் படகில் போகிறவர். விடியுமுன் இரண்டு பிள்ளைகளையும் தங்கை வீட்டில் விட்டுவிட்டு இரண்டு பேருந்து மாறி வருவாள். ஒருநாள்கூடத் தாமதமாக வந்தவள் இல்லை. அவளுக்கு வேலை தயாராக இருந்தது. பாளையங்கோட்டைக்குள்ளேயே ஒரு வீட்டில், கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர், வலப்பக்கம் வாதம் விழுந்து பேச்சும் போய்விட்டது. திங்கட்கிழமை சான்றிதழோடு வந்தால் வேலை, இல்லையென்றால் வேறு ஆள் பார்ப்போம் என்று அந்த வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

டீச்சர் வாயை ஒரு பக்கம் கோணி, வலக்கையைத் தொங்கப்போட்டுப் படுத்தார். சகாயம் கை கழுவினாள். வணக்கம் சொன்னாள். துண்டு கட்டினாள். சூடு பார்த்தாள். நான் குறி போட்டுக்கொண்டே வந்தேன். கட்டிலில் ஏறி உட்கார்ந்து டீச்சரின் தலையை மடியில் சாய்த்தாள். "வாயத் தொறங்க ராசாத்தி" என்று கொஞ்சினாள். இனிமையாகப் பேசுதல், சரி. அரைக் கரண்டி, சரி. கடைவாயில் சரித்தாள். பன்னிரண்டாவது குறியையும் போட்டுவிட்டேன்.

டீச்சருக்குப் புரையேறியது. நடிப்பு என்று நினைத்து நாங்கள் சிரித்தோம். மெனக்கெட்டு இருமுகிறார் என்று பேச்சி பாராட்டக்கூடச் செய்தாள். பிறகு இருமல் நின்றுபோனது. முகம் கருஞ்சிவப்பானது, கண் பிதுங்கியது. சகாயம் அவருடைய உச்சந்தலையில் தட்டி, "ஒண்ணுமில்ல டீச்சர், யாரோ நெனைக்காவ" என்றாள்.

டீச்சர் அவள் கையைத் தள்ளி, ஒருக்களித்துப் புரண்டு, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருமி இருமிக் கஞ்சியை வெளியே தள்ளினார். மூச்சு வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "யாருட்டி நெனைக்கா? எமனா?"

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்பீர்கள். பட்டியலை மேலிருந்து கீழ் வரை வாசித்துக்கொண்டிருந்தேன். ஒரு மனுஷி எதிரே மூச்சுக்குத் திணறுகிறபோது நான் எந்த வரியை விட்டேன் என்று தேடிக்கொண்டிருந்தேன். தலையையும் தோளையும் நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும் என்ற வரி அதில் இல்லவே இல்லை.

சத்தம் கேட்டு ஒருங்கிணைப்பாளர் வந்தார். தாளை வாங்கிப் பார்த்தார்.

"பன்னெண்டுக்குப் பன்னெண்டு இருக்கே டீச்சர். பெறவு என்ன?"

"பன்னெண்டும் சரிதான் தம்பி. நோயாளிதான் செத்துட்டா."

"அதெல்லாம் கம்ப்யூட்டர்ல வராதுல்லா. திங்கக்கெழம சர்டிபிகேட்டு வேணும்னா நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள மார்க்க ஏத்தணும். பாஸ்னு போட்டிருங்க, போற இடத்துல படிச்சுக்கிடட்டும்."

டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "மதிப்பிடுதவ நீ. நீ சொல்லு. இவள அந்த வீட்டுக்கு அனுப்பலாமா?"

சகாயம் கஞ்சிக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் சொல்லிக்கொடுத்த அத்தனையையும் அவள் சரியாகச் செய்திருந்தாள். அவளை நிறுத்தினால் அது அநியாயம். அனுப்பினால், பேச முடியாத ஒரு மனிதரின் தொண்டை. இரண்டையும் நினைத்து, "நாளைக்குச் சொல்லட்டுமா டீச்சர்?" என்றேன்.

"நாளைக்கா? எனக்கு இப்பத்தான் பொரை ஏறிச்சு."

எழுதினேன். பன்னிரண்டு சரிக்குறிகளுக்குக் கீழே, 'இன்னும் தகுதி பெறவில்லை' என்று. பார்க்க அசிங்கமாக இருந்தது.

டீச்சர் சகாயத்திடம் திரும்பி, "ஒனக்குப் பெயில் இல்லட்டி. சொல்லிக்கொடுத்தவளுக்கும், வாசிக்காம கையெழுத்துப் போட்டவளுக்கும்தான் பெயில்" என்றார். தன்னையும் சேர்த்துக்கொண்டதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது. சகாயத்துக்குக் கிடைக்கவில்லை. அவள் கிண்ணத்தை மேசையில் வைத்தாள்.

"அப்ப திங்கக்கெழம அந்த வீட்டுக்கு நீங்க ரெண்டு பேருமா போவீய?"

அது குத்தலாகக் கேட்ட கேள்வி. டீச்சர் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். "போயிருவோம்" என்றார். "நீயும் வா. இவ இங்கன கெடந்து வகுப்பப் பாக்கட்டும்."

அன்று சாயங்காலம் மகனைச் சுவரோரம் தலையணை வைத்து உட்கார்த்திக் கூழ் ஊட்டினேன். பாதி தரையில் போனது. "தொரைக்கு நாற்காலி போடலியா?" என்றார் என் மாமியார். இத்தனை மாதம் எப்படித் தப்பினான் என்று ராத்திரி இரண்டு முறை எழுந்து மூச்சு வருகிறதா பார்த்தேன்.

திங்கட்கிழமை டீச்சரும் சகாயமும் அந்த வீட்டுக்குப் போனார்கள். வாசலில் பெரியவரின் மனைவி சான்றிதழ் எங்கே என்று கேட்டிருக்கிறார். "அது பைய வரும்மா. இப்போதைக்குக் கை வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு டீச்சர் உள்ளே போய்விட்டாராம். மருத்துவமனை வார்டில் வருடக்கணக்கில் வேலை பார்த்தவர் என்பது அங்கே பேச்சுவாக்கில் வெளிவந்து, அந்த அம்மாளும் ஒரு வாரம் பார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டார். எங்களிடம் டீச்சர் அதைச் சொன்னதே இல்லை.

மையத்தில் மிச்சம் பதினைந்து பேருக்கும் தேர்வைத் தள்ளிவைத்து, அதே பாடத்தை மறுபடி எடுத்தேன். பொம்மை உறைக்குள் பத்திரமாக இருந்ததால் நான்தான் படுக்க வேண்டியிருந்தது. போன முறை சொல்லிக்கொடுத்தது தவறு என்று படுத்துக்கொண்டு ஒப்புக்கொள்வது, நின்றுகொண்டு ஒப்புக்கொள்வதைவிடச் சுலபம். பதினைந்து பேரும் என்னைத் தூக்கி நிமிர்த்தினார்கள். பேச்சி நிமிர்த்திய வேகத்தில் சுவரில் தலை இடித்தது. ஒருங்கிணைப்பாளர், தலைமைப் பயிற்றுநர் மையத்தில் இல்லாததை மேலிடத்துக்குத் தெரிவிப்பேன் என்று தினம் ஒருமுறை சொன்னார். பிறகு வருகைப் பதிவேட்டில் டீச்சர் வந்ததாகவே போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் டீச்சர் போன் செய்தார். "தாளை எடுத்துக்கிட்டு வா. நான் பாத்துட்டேன். நீ பாக்காம எப்படிப் போடுவ?"

போனேன். ஜன்னலோரக் கட்டிலில் பெரியவர் மூன்று தலையணையில் சாய்ந்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். டீச்சர் நாற்காலியில், கையைக் கட்டிக்கொண்டு. சகாயம் என்னைப் பார்த்து, "வாங்க மேடம்" என்றாள். சிரிக்கவில்லை. என் தாளில் பதின்மூன்றாவது வரியைக் கையால் சேர்த்திருந்தேன்.

சகாயம் பெரியவருடைய தாடை லேசாகக் கீழே இறங்கும்படி தலையணையைச் சரிசெய்தாள். நல்ல பக்கத்து வாயில் கால் கரண்டி வைத்தாள். அவர் தொண்டை ஏறி இறங்கும் வரை கரண்டியைத் தூக்காமல் காத்திருந்தாள். இன்னொன்று. இன்னொன்று. கொஞ்சவில்லை, ராசா என்று சொல்லவில்லை. நான்கு கரண்டிக்கு ஒரு தடவை, ஈரத்துணி சுற்றிய விரலை அவருடைய வலப்பக்கக் கன்னத்துக்குள் விட்டுத் துழாவி, ஒதுங்கிக் கிடந்த பருக்கையை எடுத்துக் காட்டினாள். அவர் இடக்கையால் அவள் மணிக்கட்டைத் தட்டினார். மேலே கொடு என்று அர்த்தமாம்.

பதின்மூன்றாவது குறியைப் போட்டேன். கன்னத்தைத் துழாவுவது என் பட்டியலில் இல்லை. ஓரத்தில் இடம் பார்த்துப் பதினான்காவதாக எழுதினேன். கற்பித்தவர் பெயர் எழுதுகிற கட்டத்தில் பேனா நின்றது.

"நீங்க சொல்லிக்கொடுத்தீங்களா டீச்சர்?"

"நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன்" என்றார் டீச்சர். "முந்தியே செஞ்சிட்டா."

"பெறவு யாரு சொன்னது?" என்று சகாயத்தைக் கேட்டேன்.

"அவியதான்" என்றாள், பெரியவரைக் காட்டி. "ரெண்டாம் நாளே கன்னத்தக் காட்டிக்கிட்டே இருந்தாவ. என்னன்னு பாத்தேன்."

கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, 'தகுதி பெற்றார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டீச்சர் தாளை வாங்கி, கண்ணாடி போட்டு, பதினான்கு வரிகளையும் வாய்க்குள் வாசித்தார். எனக்குப் பேருந்து போய்விட்டது. அதன்பிறகுதான் தன் கையெழுத்தைப் போட்டார்.

மறுநாள் ஒருங்கிணைப்பாளர் மேசையிலிருந்து கத்தினார். கம்ப்யூட்டர் காலிக் கட்டத்தை ஏற்றுக்கொள்ளவில்லை, பதினான்காவது வரியைக் கற்பித்தவர் பெயர் வேண்டும் என்றார். நான் என் பெயரைச் சொல்லலாமா, டீச்சர் பெயரைச் சொல்லலாமா என்று குழம்பிக்கொண்டிருந்தேன். டீச்சர் அப்போதுதான் மாரடைப்பு வந்து படுத்திருந்தார்.

"தம்பி, ஒங்க பேரைப் போட்டுக்கிடுங்க" என்றார், கண்ணைத் திறக்காமலே.

போட்டுக்கொண்டார்.